பழைய காரின் பீச்சாங்குழல்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

    

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதும், இன்னிசை பொழிவதும், நாடகம் நடிப்பதும் நம் வழக்கம். எனக்கு முன்னர்ப் பேசியவர்கள் செவிக்கு விருந்து படைத்துச் சென்றுள்ளார்கள். யானோ பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்தி, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழித்து வரும் ஓர் எழுத்தன். "வீட்டுக்குப் பயன்படும் ஒன்றைப் பற்றிப் பேசுக" என்று விழாக் குழுவினர் கட்டளையிட்டனர். ஆதலின், பழைய காரின் முன்கண்ணாடியில் நீர் பீச்சும் சிறு பம்பைப் பழுது பார்ப்பது எங்ஙனம் என்பதையே இன்று பேசத் துணிந்தேன்.

பின்வரிசையில் சிலர் புன்னகை புரிவதைக் காண்கிறேன். தமிழ்ச் சங்க மேடையில் தண்ணீர்ப் பம்பா என்று அவர்கள் எண்ணுவது இயல்பே. எனினும், சற்றுப் பொறுமையோடு கேட்குமாறு வேண்டுகிறேன். கையளவே உள்ள இப்பொருள் ஒரு குடும்பத்தின் உயிரோடு தொடர்புடையது என்பதை நீங்களே ஒப்புவீர்கள்.

நம்மில் பலருக்குச் சொந்த ஊர் ஈரோடு, கோவை, நீலகிரி மாவட்டங்களிலே உள்ளது. திருமணம் என்றாலும் துக்கம் என்றாலும், மைசூரிலிருந்து மலை இறங்கியே ஊர் போய்ச் சேர வேண்டும். சாம்ராஜநகர் வழியே சத்தியமங்கலம் செல்வோர் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். குண்டலுப்பேட்டை, பந்திப்பூர், மசினகுடி வழியாக உதகை செல்வோருக்குக் கல்லட்டிப் பாதையில் 36 வளைவுகள் காத்திருக்கின்றன. பந்திப்பூர்க் காட்டுச் சாலையோ 2009-ஆம் ஆண்டு முதல் இரவு ஒன்பது மணிக்கு மூடப்பட்டுக் காலை ஆறு மணிக்கே திறக்கப்படுகிறது. ஆகவே, அடைக்குமுன் கடந்துவிட வேண்டும் என்ற அவசரமும் பலருக்கு நேர்கிறது.

இத்தகைய சாலைகளில் அடைமழை பெய்யும்போது கண்ணாடியைப் பற்றிக் கவலை குறைவு. மழையே கழுவும், துடைப்பான் தள்ளும். மழை நின்ற பிறகுதான் ஆபத்து தொடங்குகிறது. வானம் வெளுத்துவிடும், சாலையோ சேறாகவே இருக்கும். முன்னே செல்லும் லாரியின் சக்கரங்கள் அச்சேற்றை வாரி நம் கண்ணாடியில் இறைக்கும். அதை நீரின்றித் துடைப்பானால் துடைத்தால் என்ன ஆகும்? தாய்மார்கள் அறிவார்கள், சாணம் மெழுகியது போலக் கண்ணாடி முழுவதும் சேறு பரவும். எதிரே வெயிலும் அடித்தால் ஒன்றுமே தெரியாது. சேற்றோடு கலந்த மணல் கண்ணாடியைக் கீறிவிடும். அக்கீறல் பின்னர் எதனாலும் மறைவதில்லை.

இங்கே ஒரு சிறு கணக்கு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், ஒரு நொடியில் ஏறத்தாழ 11 மீட்டர் ஓடுகிறது. இரண்டு நொடி கண் தெரியவில்லை என்றால் 22 மீட்டர். ரயில்வேக் குடும்பங்களுக்கு விளங்கும்படி கூறுவதானால், பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் கட்டப்பட்ட பழைய வகைப் பயணிப் பெட்டி ஒன்றின் நீளமே ஏறத்தாழ 21 மீட்டர்தான். அஃதாவது, ஒரு பெட்டி நீளம் முழுவதும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியதற்கு ஒப்பாகும். கொண்டை ஊசி வளைவில் அவ்வளவு இடம் ஏது?

முன்கண்ணாடியைத் துடைக்கும் கருவிக்கு 1903-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் ஒரு பெண்மணி. மேரி ஆண்டர்சன் என்பது அவர் பெயர். அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த அவர், நியூயார்க் நகரில் பனிக்காலத்தில் டிராம் வண்டியில் சென்றபோது, பனி படிந்த கண்ணாடியால் ஓட்டுநர் அல்லலுறுவதைக் கண்டார். உள்ளே அமர்ந்தபடியே கையால் ஒரு பிடியை இழுத்தால் வெளியே துடைப்பான் அசையுமாறு ஓர் அமைப்பை எண்ணி வடித்தார். வாங்குவார் இன்றி அவர் காப்புரிமை காலாவதியாயிற்று. ஆனால் இன்று துடைப்பானில்லாத கார் உலகில் எங்கேனும் உண்டோ? நம் நாட்டில் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் முன்கண்ணாடி உள்ள வாகனத்துக்குத் துடைப்பானை வேண்டும் என்றே விதித்துள்ளன. துடைப்பானுக்குத் துணையாக நீர் பீச்சும் அமைப்பு பின்னரே வந்து சேர்ந்தது.

நிற்க. நீர் பீச்சுவது தமிழருக்குப் புதிதன்று. நம் முன்னோர் பீச்சாங்குழல் என்ற அழகிய சொல்லை வழங்கி வந்துள்ளனர். மதுரைச் சித்திரைத் திருவிழாவைக் கண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அடியார்கள் தோலால் ஆன துருத்தியில் நீர் நிரப்பி, குறுகிய முனை வழியாகக் கள்ளழகர் மேல் பீச்சுவார்கள். தோற்பையை அமுக்குகிறார்கள், உள்ளே அழுத்தம் கூடுகிறது, வாய் குறுகியதாக இருப்பதால் நீர் வேகம் பெற்று நெடுந்தூரம் செல்கிறது. காரின் பம்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. நீர் இருக்கும் புட்டி, அழுத்தும் பம்பு, கொண்டு செல்லும் ரப்பர்க் குழாய், போன நீர் திரும்பாமல் தடுக்கும் வால்வு, கண்ணாடிக்கு எதிரே இருக்கும் பீச்சுமுனை என உறுப்புகள் ஐந்தே. இவ்வைந்தையும் மனத்தில் இருத்திக்கொண்டால் என் பேச்சில் பாதி முடிந்தது.

பழைய கார்களில் இப்பம்பு இரு வகைப்படும். ஒன்று கைப்பம்பு, மற்றொன்று மின்பம்பு.

கைப்பம்பின் குமிழ் ஓட்டுநரின் முன்பலகையில் இருக்கும். விரலால் அழுத்தினால், உருளைக்குள் இருக்கும் ரப்பர்க் கிண்ணம் நீரைத் தள்ளும். கையை எடுத்தால் சுருள்வில் அதைப் பின்னுக்கு இழுக்கும். அவ்வாறு இழுக்கும்போது புட்டியிலிருந்து புதுநீர் உள்ளே ஏறும். நம் வீட்டு முற்றத்து அடிபம்பை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தோல் வாஷர் தேய்ந்துபோனால் எவ்வளவு அடித்தாலும் நீர் வராது. மேலே ஒரு குவளை நீர் ஊற்றி அடித்தால்தான் பிடிக்கும். அதே நோய்தான் காரின் கைப்பம்புக்கும் வருவது.

இனி, நம் காலனியிலேயே நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று உள்ளது. அது நம் சென்னையில் பிறந்த வண்டி. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா என்ற நிறுவனம் வண்டலூருக்கு அருகே இருந்த தன் ஆலையில் 1961 முதல் அவ்வண்டிகளைச் செய்து வந்தது. முதலில் இரண்டு கதவுகளோடு வந்த வண்டி, பின்னர் நம் நாட்டுப் பெரிய குடும்பங்களுக்கு ஏற்ப நான்கு கதவுகளுடனும் வெளிவந்தது. 1980-களின் இறுதியில் அந்நிறுவனத்தின் கார் உற்பத்தியே நின்றுவிட்டது. ஆகவே, அதற்குரிய உதிரிப் பொருளைப் புதிதாகச் செய்து தருவார் இல்லை.

பெரியவர் தம் துணைவியாருடன் சென்ற ஐப்பசியில் சத்தியமங்கலத்துக்கு ஒரு திருமணத்துக்குப் புறப்பட்டார். திம்பத்தில் மழை விட்ட வேளை. முன்னே சென்ற லாரி சேற்றை வாரி இறைத்தது. பெரியவர் குமிழை அழுத்தினார், நீர் வரவில்லை. மறுபடி அழுத்தினார், காற்றுச் சத்தம் மட்டுமே கேட்டது. நல்ல வேளையாகச் சாலை சற்று அகன்றிருந்த இடம் அது. பக்கக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிப் பார்த்து, வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். அம்மையார் குடிப்பதற்கென்று கொண்டுவந்த நீரை ஊற்றிக் கழுவிய பின்னரே பயணம் தொடர்ந்தது. அதற்கு அடுத்த வளைவில் ஒரு பேருந்து எதிர்ப்பட்டதாம். "நிறுத்த இடம் கிடைத்திராவிட்டால்" என்று தொடங்கிய அம்மையார் அவ்வாக்கியத்தை முடிக்கவில்லை.

ஊர் திரும்பியதும் மகன், "அப்பா, அந்தக் கிழட்டுப் பம்பை எறிந்துவிட்டு மின்பம்பு ஒன்று வைத்துவிடுவோம்" என்றான். அதற்கு முன்பலகையில் வேறு துளையிட வேண்டும். பழைய குமிழின் இடம் பொக்கை வாயாகத் தெரியும். பெரியவருக்கு மனம் வரவில்லை. மண்டி மொகல்லாப் பக்கத்தில் சிறு பட்டறை வைத்திருக்கும் முதிய மெக்கானிக் ஒருவரிடம் சென்றார். துணைக்கு என்னையும் அழைத்தார்.

அந்த மெக்கானிக்கைப் பாய் என்றே எல்லோரும் அழைப்பார்கள். வீட்டில் உருது, கடையில் கன்னடம், நம்மோடு தமிழ் என மூன்று மொழியும் அவர் நாவில் புழங்குகின்றன. ஹெரால்டின் எஞ்சின் மூடி, சக்கரக் காப்புகளோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். டயரின் மேலேயே அமர்ந்து வேலை செய்யலாம். பாய் அவ்வாறு அமர்ந்துகொண்டார். "பம்பு கெட்டுவிட்டது, பாய்" என்றார் பெரியவர். "பம்பு கெட்டது என்று பம்பு சொல்லிற்றா, ஐயா? தண்ணீர் எங்கே நின்றது என்று முதலில் பார்ப்போம்" என்றார் அவர். நான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்த செய்தி முழுவதும் அவ்வொரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

கோப்பு ஒன்று காணாமற்போனால் நாங்கள் அலுவலகத்தில் என்ன செய்கிறோம்? மேலதிகாரியின் மேசையைக் குடைவதில்லை. வந்து சேர்ந்த பதிவேட்டில் தொடங்கி, எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போயிற்று என்று வரிசையாகத் தேடுகிறோம். நீரையும் அவ்வாறே தேட வேண்டும். பாய் செய்த முறையை அவ்வரிசையிலேயே கூறுகிறேன்; இளைஞர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது, புட்டி. நீர் இருக்கிறதா என்பதோடு நில்லாமல் மூடியைப் பாருங்கள். அதில் காற்றுப் புகும் சிறு துளை ஒன்று இருக்கும். அது அடைபட்டால் நீர் ஏறாது. எண்ணெய்த் தகரத்தில் ஒரே துளையிட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் ஒழுங்காக வராமல் திக்குவதையும், எதிரே இன்னொரு துளையிட்டால் தாராளமாக வருவதையும் தாய்மார்கள் அறிவார்கள். புட்டியின் அடியில் கிடக்கும் குழாயின் முனையில் பாசியும் வண்டலும் சேர்ந்திருந்தால் அதையும் கழுவிவிட வேண்டும்.

இரண்டாவது, பீச்சுமுனை. முனையிலிருந்து ரப்பர்க் குழாயைக் கழற்றிவிட்டுக் குமிழை அழுத்துங்கள். குழாயின் வாயில் நீர் வந்தால் பம்பில் குற்றமில்லை, முனைதான் அடைபட்டிருக்கிறது. வண்டிக்குப் பூசும் பாலிஷ் மெழுகும், தண்ணீரின் சுண்ணாம்பும் அத்துளையில் படிவது வழக்கம். ஊசியால் வெளியிலிருந்து குத்தினால் அழுக்கு உள்ளே போய் மறுபடி அடைக்கும், துளையும் பெரிதாகிவிடும். முனையைக் கழற்றி, மின்கம்பியின் நூலிழை போன்ற ஒரு செம்பு இழையை நுழைத்து, நீர் வரும் திசைக்கு எதிர்த்திசையில் ஊதிவிட வேண்டும். சுண்ணாம்பு கெட்டியாயிருந்தால் எலுமிச்சைச் சாற்றில் சிறிது நேரம் ஊறப்போட்டு நன்றாகக் கழுவினால் கரைந்துவிடும்.

மூன்றாவது, குழாய். எஞ்சினின் வெப்பத்தில் பல ஆண்டு கிடந்த ரப்பர், வெளியே நன்றாகத் தெரிந்தாலும் வளைவுகளில் வெடித்திருக்கும். நீரைத் தள்ளும் பக்கத்தில் வெடிப்பு இருந்தால் ஒழுகிக் காட்டிக்கொடுக்கும். நீரை உறிஞ்சும் பக்கத்தில் இருந்தாலோ ஒரு சொட்டும் ஒழுகாது. நீருக்குப் பதில் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். முன்பு ரயில்களில் வேக்குவம் பிரேக் இருந்த காலத்தில், பெட்டிகளுக்கு இடையேயுள்ள குழாயில் நூலளவு கசிவு இருந்தாலும் வண்டி முழுவதும் பிரேக் சரியாக விடுபடாமல் தவித்த கதைகளை மூத்த தோழர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதே கதைதான் இதுவும். சைக்கிள் பஞ்சர்க் கடையில் செய்வது போலக் குழாயின் ஒரு முனையை மூடி, நீரில் அமிழ்த்தி, மறுமுனையில் ஊதினால் குமிழிகள் உண்மையைச் சொல்லிவிடும். ஹெரால்டின் குழாயில் புட்டிக்கு அருகே அத்தகைய வெடிப்பு ஒன்று இருந்தது.

நான்காவது, திரும்பா வால்வு. வாயால் ஊதிப் பார்த்தால் ஒரு பக்கம் காற்றுப் போக வேண்டும். மறுபக்கம் போகக் கூடாது. இது கெட்டால், குழாயில் நிற்க வேண்டிய நீரெல்லாம் புட்டிக்கே இறங்கிவிடும். பிறகு அவசரத்தில் அழுத்தும்போது முதல் நாலைந்து அழுத்தங்கள் குழாயை நிரப்புவதற்கே செலவாகும். ஆபத்து அதுவரை காத்திருக்குமா? ஹெரால்டில் இவ்வால்வும் வண்டல் பிடித்துத் திறந்தபடியே ஒட்டிக்கிடந்தது. அதற்குப் பழைய உதிரிப் பொருள் எங்கே கிடைக்கும் என்று நாங்கள் மலைத்து நின்றோம். பாய் சிரித்துக்கொண்டே பையனை அனுப்பி, வண்ணமீன் விற்கும் கடையிலிருந்து ஒரு சிறு வால்வை வாங்கி வரச் செய்தார். மீன்தொட்டியில் காற்று ஊதும் கருவிக்குள் தண்ணீர் ஏறாமல் தடுக்கும் வால்வு அது. அளவும் பொருந்திற்று, வேலையும் செய்தது.

ஐந்தாவதாகத்தான் பம்பு. அதன் இரண்டு வாய்களிலும் குழாயைக் கழற்றிவிடுங்கள். நீரை வெளித்தள்ளும் வாயை விரலால் மூடிக் குமிழை அழுத்தினால் எதிர்ப்பு தெரிய வேண்டும். நீரை உறிஞ்சும் வாயை விரலால் மூடிக்கொண்டு, அழுத்திய குமிழை விட்டால் விரலை உள்ளே இழுக்க வேண்டும். இவ்விரண்டும் இருந்தால் பம்பு நலம். இல்லையேல் திறக்க வேண்டும். ஹெரால்டின் பம்பு பாதி மட்டுமே பிடித்தது. திறந்து பார்த்தபோது உருளையில் கீறல் இல்லை, சுருள்வில்லும் துருப்பிடிக்கவில்லை, ரப்பர்க் கிண்ணத்தின் விளிம்பு மட்டும் காய்ந்து சுருங்கியிருந்தது. பாய் ஒரு சைக்கிள் பம்பின் தோல் வாஷரை எடுத்து, உருளையின் அளவுக்கு விளிம்பைச் சீவி, ஓர் இரவு விளக்கெண்ணெயில் ஊறவைத்து மறுநாள் பொருத்தினார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ரப்பர் உறுப்பைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவக் கூடாது. எஞ்சின் எண்ணெயும் கிரீசும் தடவக் கூடாது. அவை இயற்கை ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். சோப்பு நீரே கழுவுவதற்குப் போதும். பிரேக் உறுப்புகளுக்கென்று கடைகளில் விற்கும் சிவப்பு நிற ரப்பர் கிரீசைச் சிறிது தடவலாம். குழாயைத் திரும்பப் பொருத்தும்போது அதன் முனையை வெந்நீரில் ஒரு நிமிடம் வைத்தால் இளகி எளிதில் ஏறும். முரட்டுத்தனமாகத் திணித்தால் பழைய பிளாஸ்டிக் மூக்கு முறிந்துவிடும்.

எல்லாம் பொருத்தியபின் பாய் குமிழை அழுத்தினார். இரண்டு முனைகளிலிருந்தும் நீர் பாய்ந்தது. அவர் அத்தோடு விடவில்லை. முனைகளைச் சற்றே மேல்நோக்கித் திருப்பினார். நிற்கும்போது கண்ணாடியின் நடுவில் விழும் நீர், ஓடும்போது எதிர்க்காற்றால் கீழே தள்ளப்படும்; ஆகவே சற்று உயரே குறிவைக்க வேண்டும் என்று விளக்கினார். செலவு, கூலியுட்பட, புது மின்பம்பின் விலையை எட்டவில்லை.

மகன் சொன்னதும் முற்றிலும் தவறன்று. மின்பம்பு உள்ள பழைய கார்களும் பலவாதலால் அதைப் பற்றியும் சிறிது கூறுகிறேன். அதில் பொத்தானை அழுத்தினால் ஒரு சிறு மோட்டார் சுழன்று, இறக்கைச் சக்கரத்தால் நீரைத் தள்ளும். நீர் செல்லும் வழியைச் சோதிப்பதில் மாற்றம் இல்லை. அத்துடன் மின்சாரம் செல்லும் வழியையும் சோதிக்க வேண்டும். முதலில் பியூஸ், பிறகு கம்பி முனைகளின் பச்சைக் களிம்பு, பிறகு வண்டியின் உடலோடு சேரும் எர்த் இணைப்பின் துரு. பொத்தானை அழுத்தும்போது பம்பின் முனைகளில் ஒரு சோதனை விளக்கை வைத்துப் பார்த்தால், மின்சாரம் வருகிறதா என்பது தெரியும். மின்சாரம் வந்து மோட்டாரும் முனகி, நீர் வரவில்லை என்றால் அடைப்பு; மின்சாரம் வந்தும் மோட்டார் மௌனம் சாதித்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும் அல்லது தண்டு இறுகியிருக்கும். திறக்கக்கூடிய மோட்டாரானால் தூய்மை செய்து பார்க்கலாம். ஒட்டி மூடப்பட்டதானால் மாற்றுவதே வழி. மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் 6 வோல்ட் மின்சாரமே உண்டு. 12 வோல்ட் பம்பை வாங்கிவந்து வைத்தால் சோம்பலாகவே சுழலும். நீரில்லாமல் மின்பம்பை நெடுநேரம் ஓட்டவும் கூடாது; நீரே அதற்குக் குளிர்ச்சியும் மசகும் ஆகும்.

பழுது வராமல் காப்பது பழுது பார்ப்பதினும் எளிது. ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணாம்பு மிகுதி. அதைப் புட்டியில் ஊற்றாதீர்கள். வடிகட்டிய மழைநீரோ, பேட்டரிக்கு ஊற்றும் தூய நீரோ நன்று. அதில் தலைக்குத் தேய்க்கும் ஷாம்பூவைச் சில துளி விட்டால் பூச்சிக் கறையும் எண்ணெய்ப் பிசுக்கும் போகும். துணி சோப்புத் தூள் வேண்டா, வண்ணப் பூச்சைக் கெடுக்கும். வண்டி நின்றிருந்தாலும் வாரம் ஒரு முறை குமிழை நாலு தடவை அழுத்துங்கள். வேலை செய்யும் ரப்பர் விரைவில் காய்வதில்லை. சும்மா இருக்கும் ரப்பரே காய்கிறது. மனிதருக்கும் இது பொருந்தும் என்று ஓய்வு பெற்ற பெரியவர்கள் கூறக்கூடும்! மழை பெய்யும்போது லாரி ஓட்டுநர்கள் கண்ணாடியில் புகையிலையைத் தேய்ப்பதுண்டு. அது மழைத்துளிக்கு ஒருகால் உதவலாம். சேற்றுக்கு நீரன்றி வேறு மருந்தில்லை.

"ஒரு பழைய வண்டிக்காக இவ்வளவு பாடா?" என்று கேட்கலாம். நம் நாட்டில் 2021-ஆம் ஆண்டு முதல், 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவிலேயே காக்கப்பட்ட வண்டிகளுக்கு விண்டேஜ் வாகனம் என்ற தனிப் பதிவு கிடைக்கிறது. வண்டி எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இடம்பெறும். முதற்பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். அவ்வண்டிகளை அன்றாடப் போக்குவரத்துக்கோ வாணிகத்துக்கோ ஓட்டலாகாது. சாதாரணப் பதிவையே ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பித்து ஓட்டுவோரும் உள்ளனர். நம் பெரியவர் அவ்வகையினர். சட்டகம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றின் பெருமாற்றங்களைப் பற்றியே அவ்விதி பேசுகிறது; ஒரு நீர்ப்பம்பை மாற்றியதற்காக யாரும் வழக்குத் தொடுக்கப் போவதில்லை. ஆகவே, நான் சட்டத்துக்கு அஞ்சிப் பழையதைக் காக்கச் சொல்லவில்லை.

பழையதைக் காப்பதில் நம் ஊருக்குச் சிறப்பான இடம் உண்டு. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே பெங்களூரு நெடுஞ்சாலையில், தர்மஸ்தலத்துத் தர்மாதிகாரி வீரேந்திர ஹெக்கடே அவர்களின் முயற்சியால் 'பயணா' என்ற கார் அருங்காட்சியகம் 2023-இல் திறக்கப்பட்டது. நம் மைசூர் ரயில் அருங்காட்சியகம் 1979 முதல் உள்ளது. அங்கே ஆஸ்டின் மோட்டார் ஒன்று நிற்பதைக் குழந்தைகள் பார்த்திருப்பார்கள். 1925-இல் சாலையில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது அது. பின்னர்ப் பழைய இரும்பு வணிகரிடமிருந்து வாங்கப்பட்டுத் தண்டவாளத்தில் ஓடுமாறு மாற்றி அமைக்கப்பட்டது. யாரோ ஒரு கைவினைஞர் "இது குப்பை அன்று" எனக் கருதியதால் அன்றோ நாம் இன்று அதனைக் காண்கிறோம்!

ஆயினும் அருங்காட்சியகம் வண்டியை மட்டுமே காக்க இயலும். மீன்தொட்டி வால்வு காருக்குப் பொருந்தும் என்ற அறிவை எந்தக் கண்ணாடிப் பேழையில் வைப்பது? அது பாயின் கையில் இருக்கிறது. அவருடைய மகன் கைப்பேசிக் கடை வைத்திருக்கிறான். பேரன் கணினி படிக்கிறான். அவர்கள் முன்னேற்றத்தில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால், அந்தக் கையோடு அவ்வறிவும் ஓய்ந்துவிடும் என்பதை எண்ணும்போது மனம் வருந்துகிறது. நம் தகப்பன்மாரும் ரயில்வேப் பட்டறைகளிலும் கொட்டகைகளிலும் இப்படி எத்தனை நுட்பங்களைக் கையில் வைத்திருந்தார்கள்! அவற்றுள் எழுதிவைக்கப்பட்டவை எத்தனை?

ஆதலின் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். ஆண்டுக்கு ஒரு நாளேனும் காலனியில் பழுது பார்க்கும் நாள் ஒன்றை நடத்துவோம். பாய் போன்ற முதியவர்களை அழைத்து மாலையிட்டு, அருகே நம் பிள்ளைகளை அமர்த்துவோம். அவர்கள் சொல்வதை நல்ல தமிழில் எழுதி அடுத்த மலரில் அச்சிடுவோம். புட்டி, குழாய், வால்வு, பீச்சுமுனை, குமிழ் எனச் சொற்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. தமிழ் வளர்ப்பது என்பது மேடையில் புகழ்வதோடு முடிவதன்று. கையிலுள்ள தொழிலைத் தமிழில் சொல்லிப் பிள்ளைக்குக் கொடுப்பதும் அதனுள் அடங்கும்.

இளஞ்செல்வங்களே! உங்கள் வீட்டில் கார் புதியதோ பழையதோ, அடுத்த முறை மலை இறங்குமுன் அப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: "கண்ணாடிக்குத் தண்ணீர் வருகிறதா?" வரவில்லை என்றால் பம்பின் மேல் பழி போடாதீர்கள். புட்டியிலிருந்து முனைவரை நீர் செல்லும் வழியை ஒருமுறை நடந்து பாருங்கள். பெரும்பாலும், காசு குறைவாகச் செலவாகும் இடத்திலேயே குற்றம் இருக்கும். அதைக் கண்டுபிடிப்பதற்குப் பட்டம் வேண்டா. பொறுமையும், ஒரு வாளி நீரும், மூடித் திறக்க ஒரு விரலும் போதும்.

பெரியவரின் ஹெரால்டு சென்ற தை மாதம் பொங்கலுக்கு மறுபடியும் திம்பம் இறங்கி ஏறி வந்தது. புறப்படுமுன் குமிழை அழுத்திப் பார்த்தவர் அம்மையார் என்று கேள்வி. அவ்வழக்கம் நம் காலனியின் ஒவ்வொரு வீட்டிலும் ஏற்பட வேண்டும் என்பதே என் விருப்பம்.